நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து கிளம்புகிறவர்களுக்கு: ‘கெட்’ என்ற ஒரே வினையைப் பழகும் வழி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், முதியோர் வார்டு, விடியற்காலை ஆறு மணி. எண்பது தாண்டிய ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு “ஐவ் காட் டு கோ, லவ்” என்றார். வீட்டுக்குப் போகணும் என்கிறார் போல என்று நினைத்து, “டாக்டர் வந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று, தேர்வில் பி கிரேடு வாங்கிய என் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினேன். அவர் மறுபடி அதையே சொன்னார். நானும் மறுபடி விளக்கினேன். அவர் கேட்டது கழிவறை. நான் விளக்கி முடிப்பதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவர் அழுதார், போர்வையை மாற்றிக்கொண்டே நானும் அழுதேன்.

மூன்றே எழுத்து ‘கெட்’, அதன் இறந்தகாலம் ‘காட்’. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகளில் முதல் பத்துக்குள் வருவது. நாம் பள்ளிக்கூடத்தில் ‘கெட் – பெறு’ என்று ஒரு வரி எழுதியதோடு சரி. இங்கே நோயாளி பேசும் பேச்சில் பாதி அதை வைத்துத்தான் ஓடுகிறது என்பது வார்டுக்குள் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீங்களாவது ஊரிலேயே பழகிக்கொண்டு வாருங்கள்.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஒரு நூறு பக்க நோட்டு, ஒரு போன். அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ் இரண்டு அகராதிகளும் இணையத்தில் இலவசம், சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கேட்கலாம். யூகிளிஷ் என்று ஒரு தளம் இருக்கிறது, ஒரு சொற்றொடரைத் தட்டச்சு செய்தால் நிஜ மனிதர்கள் அதைச் சொல்லும் வீடியோ துண்டுகளை வரிசையாகக் காட்டும். அகராதி தராத வேகத்தை அது தரும்.

பணம் கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. நான் ஒரு பயிற்சி நிலையத்தில் முப்பதாயிரம் கட்டினேன். அங்கே கொடுத்தது அகர வரிசையில் இருநூறு சொற்றொடர், மனப்பாடம் செய்யச் சொல்லி. ‘கெட்’டில் மட்டும் நாற்பது இருந்தன. மூன்றாம் நாளே எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது.

தேர்வுக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓஇடி (மருத்துவத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதியபோது 587 ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்பது கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் பி, எழுதுதலில் மட்டும் சி பிளஸ். ஒரு பகுதி குறைந்தாலும் மறுபடி அத்தனை டாலர் கட்ட வேண்டிவரும். கட்டுவதற்கு முன்னால் ஆறு வாரம் ஒதுக்குங்கள், தினம் இருபது நிமிடம் போதும். எப்படிப் பிரிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. ‘பெறு’ என்று எழுதியதை அடித்துவிட்டு, பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்

முக்கியமான படி இதுதான். ‘கெட்’டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதற்குப் பின்னால் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தால் அர்த்தம் தானாக வந்துவிடும். நோட்டில் ஐந்து பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வினையைத் தலைப்பாக எழுதுங்கள்.

முதல் பக்கம் கிடைத்தல், வருதல். பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரும். “எனக்கு வேலை கிடைத்தது”, “எனக்குக் கடிதம் வந்தது”, “எனக்குத் தலைவலி வரும்” என்று நாம் ‘எனக்கு’ போட்டுச் சொல்வதையெல்லாம் அவர்கள் ‘ஐ’ போட்டு “ஐ காட் எ ஜாப்”, “ஐ காட் எ லெட்டர்”, “ஐ கெட் ஹெட்ஏக்ஸ்” என்பார்கள். இந்த ஒரு மாற்றம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எடுத்துக்கொண்டு வா என்பதும் இந்தப் பக்கத்தில்தான்: “குட் யூ கெட் மை கிளாஸஸ்?” என்றால் கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்கிறார்.

இரண்டாவது பக்கம் ஆகுதல். பின்னால் நிலையைச் சொல்லும் சொல். “கெட்டிங் வொர்ஸ்” மோசமாகிக்கொண்டே போகிறது, “கெட்டிங் டார்க்” இருட்டிக்கொண்டு வருகிறது, “ஷி கெட்ஸ் கன்ஃப்யூஸ்ட் அட் நைட்” இரவானால் அவருக்குக் குழப்பம் வந்துவிடும். கடைசியாகச் சொன்னதை முதியோர் வார்டில் ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் கேட்பீர்கள்.

மூன்றாவது போய்ச் சேர்தல். பின்னால் இடம். “கெட் டு த டாய்லெட்”, “கெட் டு வொர்க்”. வீடு, இங்கே, அங்கே மூன்றுக்கும் நடுவில் ‘டு’ கிடையாது. “கெட் ஹோம்” தான், “கெட் டு ஹோம்” இல்லை. நான் ஒரு வருஷம் தப்பாகச் சொன்னேன், யாரும் திருத்தவில்லை. இங்கே மரியாதைக்குத் திருத்தமாட்டார்கள், அது ஒரு தொல்லை.

நான்காவது படுதல். அடிபடுவது “கெட் ஹர்ட்”, வழி தவறிப்போவது “கெட் லாஸ்ட்”. நமக்கு நடந்தது, பெரும்பாலும் எதிர்பாராதது என்ற சாயல் இதில் இருக்கும். கல்யாணம் ஆவதும் இதே வடிவம்தான், “கெட் மேரிட்”. வம்பு இழுப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு சின்னக் குறிப்பு: யாரைக் கட்டிக்கொண்டீர்களோ அவருக்கு முன்னால் ‘டு’ போடுங்கள், ‘வித்’ வேண்டாம்.

ஐந்தாவது செய்யவைத்தல். பின்னால் ஆள், அப்புறம் ‘டு’, அப்புறம் வினை. “ஐ காட் ஹிம் டு ஈட்” என்றால் பேசி, சம்மதிக்க வைத்து, சாப்பிட வைத்தேன். இதையே நான் ஒருநாள் ‘மேக்’ போட்டு “ஐ மேட் ஹிம் டேக் த டேப்லெட்” என்று சொல்லிவிட்டேன். சீனியர் முகம் மாறியது. ‘மேக்’ என்றால் கட்டாயப்படுத்தி விழுங்க வைத்தேன் என்று காதில் விழும், நோயாளி வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை கிடையாது. ஒரே ஒரு வினையை மாற்றிப் போட்டதற்கு உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன்.

3. ‘டூ யூ கெட்’ வேறு, ‘ஹேவ் யூ காட்’ வேறு

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் உண்டு. “ஹேவ் யூ காட் எனி செஸ்ட் பெயின்?” என்றால் இப்போது, இந்த நிமிடம் நெஞ்சுவலி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். “டூ யூ கெட் எனி செஸ்ட் பெயின்?” என்றால் உங்களுக்கு அவ்வப்போது நெஞ்சுவலி வருவதுண்டா என்று. மாடிப்படி ஏறினால் மட்டும் வலி வருகிற ஆளிடம், அவர் கட்டிலில் சாய்ந்திருக்கும்போது முதல் கேள்வியைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அவர் சொன்னது பொய்யில்லை, நாம் கேட்டதுதான் அரைகுறை. இரண்டையும் கேளுங்கள்.

‘ஹேவ் காட்’ என்பது வெறும் ‘ஹேவ்’ தான், இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் ‘டு’ வந்துவிட்டால் கட்டாயம் செய்தாக வேண்டும் என்று ஆகிவிடும், வேகமாகச் சொன்னால் ‘காட்டா’. நான் கோட்டைவிட்டது அங்கேதான். ‘போயாக வேண்டும்’ என்று ஒருவர் சொன்னால் எங்கே என்பதை நேரமும் இடமும்தான் சொல்லும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விடியற்காலை என்றால் வேறு எங்கே?

இங்கே மூன்று பொறி. “டூ யூ காட்” என்று ஒன்று கிடையவே கிடையாது. “ஆர் யூ ஹேவிங் பெயின்” என்று நாம் எல்லாவற்றுக்கும் ‘இங்’ ஒட்டுவோமே, புரியும், ஆனால் “ஹேவ் யூ காட்” தான் இயல்பு. நேற்று இருந்ததைச் சொல்ல “ஹேட் காட்” வேண்டாம், “ஐ ஹேட் எ ஃபீவர் யெஸ்டர்டே” போதும்.

4. பிறப்பிடம், இவ்வளவு தெரிந்தால் போதும்

‘கெட்’ ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’, அடைவது என்று பொருள். ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்தில் தனி வினையாகத் தெரிகிறது. அதற்கு முன்பே இதன் உறவுக்காரச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது, ஆனால் தனியாக நிற்காமல் இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு மட்டும். மறப்பதைச் சொல்லும் ‘ஃபர்கெட்’ அப்படி ஒட்டியதுதான், பிடித்து வைத்திருந்தது நழுவிப் போவது.

இது எதற்கு உதவும் என்றால், ‘காட்டன்’ குழப்பம் தீரும். ‘ஃபர்கெட், ஃபர்காட், ஃபர்காட்டன்’ என்று எல்லோரும் சொல்கிறோம் இல்லையா, அதே ‘காட்டன்’ அமெரிக்கர்களிடம் இன்னும் தனியாகவும் புழங்குகிறது: “இட் ஹேஸ் காட்டன் வொர்ஸ்” என்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் “இட் ஹேஸ் காட் வொர்ஸ்”. அமெரிக்கத் தொடர் பார்த்து ஆங்கிலம் பழகியவர்கள் பயப்பட வேண்டாம், தப்பு இல்லை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

5. காதைத் தயார் செய்தல்

வட இங்கிலாந்தில் ‘கெட்’டுக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் பேச்சில் ‘ட்’ பல சமயம் ‘ர்’ ஆகிவிடும். ‘கெட் ஆஃப்’ என்பது ‘கெராஃப்’, ‘கெட் அப்’ என்பது ‘கெரப்’. லண்டன் பக்கம் ‘ட்’ தொண்டைக்குள் விழுங்கப்பட்டுவிடும். அமெரிக்கர் வாயில் ‘கெட் இட்’ கிட்டத்தட்ட ‘கெடிட்’. இந்த மூன்றையும் யூகிளிஷில் போட்டுத் தினம் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

தேர்விலும் இதற்கு நேரடிப் பலன் உண்டு. ஓஇடி கேட்டல் பகுதியின் முதல் பிரிவில் நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பில் விடுபட்ட இடங்களை நிரப்ப வேண்டும், 24 கேள்வி, பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அங்கே நோயாளி மருத்துவச் சொல்லில் பேசமாட்டார். “ஐ கெட் பின்ஸ் அண்ட் நீடில்ஸ்” என்பார், மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருக்கிறது என்று. ‘கெட்’டைத் தாண்டிப் போய் ‘பின்ஸ்’ஸில் காதை வைத்தால் மதிப்பெண், ‘கெட்’டிலேயே யோசித்து நின்றால் அடுத்த கேள்வியும் போய்விடும்.

6. நம்ம ஊர் ‘கெட்’டை ஊரிலேயே இறக்கி வையுங்கள்

“பஸ்ஸில் கெட் டவுன் ஆனேன்” என்று நாம் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருப்போம். இங்கே பேருந்து, ரயில், விமானம் எல்லாவற்றிலும் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. கார், டாக்ஸி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. உள்ளே நின்று நடக்க முடிகிற வண்டிக்கு ஆன், ஆஃப். குனிந்து உட்கார வேண்டியதற்கு இன், அவுட். சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஆன், ஆஃப். ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ கீழே வா என்பது போல இருக்கும், இல்லையென்றால் மனசு சோர்ந்துபோவது: “இட்ஸ் கெட்டிங் மி டவுன்” என்று ஒரு நோயாளி சொன்னால் அதைக் குறித்து வைத்து சீனியரிடம் சொல்லுங்கள்.

“மை ஷிஃப்ட் காட் ஓவர்” என்றேன், என்ன அதிர்ச்சியிலிருந்து மீண்டாய் என்பது போலப் பார்த்தார்கள். முடிந்துவிட்டது என்பதற்கு ‘காட் ஓவர்’ நம் பக்கத்து வழக்கு, இங்கே “மை ஷிஃப்ட் ஃபினிஷ்ட்”. ‘கெட் ஓவர்’ என்றால் காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது.

“ஐ டிட்ன்ட் கெட் யூ” என்று சொல்வதை விட்டு “ஐ டிட்ன்ட் கெட் தட்” என்று சொல்லுங்கள். முதலாவது உங்களையே புரியவில்லை என்பது போல ஒலிக்கும்.

அப்புறம் முடிவெட்டு. “ஐ கட் மை ஹேர்” என்றேன், “நீயேவா வெட்டினாய், பரவாயில்லையே” என்றார் உடன் வேலை பார்த்த பெண். இன்னொருவரை வைத்துச் செய்துகொண்டால் “ஐ காட் மை ஹேர் கட்”. பொருள் நடுவில், வினை கடைசியில். தமிழில் ‘வெட்டிக்கொண்டேன்’ என்பதில் வரும் ‘கொள்’ இருக்கிறதே, அந்த வேலையைத்தான் இங்கே ‘காட்’ செய்கிறது. ரத்தம் எடுத்துக்கொள்வது, கண் பரிசோதித்துக்கொள்வது, வண்டியைச் சரிசெய்துகொள்வது எல்லாம் இதே அச்சு.

7. ஒட்டுச் சொற்களில் எதை மட்டும் படிப்பது

நாற்பதும் வேண்டாம், வார்டுக்கு ஏழெட்டு போதும். ‘கெட் அப்’ எழுந்திருப்பது. ‘கெட் த்ரூ’ போனில் ஆள் கிடைப்பது, ஒரு கஷ்டத்தைத் தாண்டி வருவதும்தான். ‘கெட் பேக் டு யூ’ விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். ‘கெட் ரிட் ஆஃப்’ ஒழித்துக்கட்டுவது. ‘கெட் பை’ எப்படியோ சமாளிப்பது, தனியாக வாழும் பெரியவர்கள் வீட்டு நிலைமையைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள், அதைக் கேட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

‘கெட் ஆன்’ ஒன்றுக்கு மட்டும் தனிப் பக்கம் வையுங்கள். பேருந்தில் ஏறுவது ஒன்று. “ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?” எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. “வி கெட் ஆன்” எங்களுக்குள் ஒத்துப்போகும். “ஐம் கெட்டிங் ஆன் எ பிட்” வயசாகிறதம்மா. இதைச் சொன்ன தாத்தாவிடம் எந்த வண்டியில் ஏறப் போகிறீர்கள் என்று கேட்கவிருந்தேன், நல்ல வேளை.

‘கெட் அவே!’ என்று யாராவது சிரித்துக்கொண்டு சொன்னால் போய்விடாதீர்கள். ‘அட, நிஜமாவா’ என்று அர்த்தம். நான் கட்டிலை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

8. எந்தத் தாளில் எழுதலாம், எதில் கூடாது

பேச்சில் தாராளமாக. நண்பர்களுக்கு அனுப்பும் செய்தியில் தாராளமாக. வேலை மின்னஞ்சலில் அளவாக. ஓஇடி கடிதம், நோயாளியின் குறிப்பேடு, விடுப்பு விண்ணப்பம், புகார்க் கடிதம் இவற்றில் தவிர்த்துவிடுங்கள்.

ஓஇடி எழுதுதல் 45 நிமிடம், முதல் ஐந்து நிமிடம் குறிப்பு வாசிக்க மட்டும், கடிதம் 180 முதல் 200 சொல் வரை. அந்த ஐந்து நிமிடத்தில் பேனாவைத் தொடக் கூடாது, அதனால் மாற்றுச் சொற்கள் மனசில் தயாராக இருக்க வேண்டும்: வந்து சேர்ந்த கடிதத்துக்கு ‘ரிசீவ்ட்’, மூச்சு வாங்கத் தொடங்கினார் என்பதற்கு ‘பிகேம் பிரெத்லெஸ்’, கேட்டு வாங்கிய சம்மதத்துக்கு ‘அப்டெய்ன்ட்’, விழுந்து அடிபட்டதற்கு ‘சஸ்டெய்ன்ட் ஆன் இன்ஜுரி’. எழுதி முடித்ததும் கடைசி மூன்று நிமிடம் ‘காட்’ எங்காவது உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். நான் முதல் தடவை எழுதிய கடிதத்தில் ஆறு இடத்தில் இருந்தது, எழுதுதலில் சி வாங்கிப் பணத்தை மறுபடி கட்டினேன். அது ஒன்றால் மட்டும்தான் சி வந்தது என்று சொல்லமாட்டேன், உதவவில்லை என்பது நிச்சயம்.

விதிவிலக்கு ஒன்று: நோயாளி சொன்னதை அப்படியே மேற்கோளாக எழுதும்போது அவர் ‘கெட்’ என்றால் ‘கெட்’ தான். அழகுபடுத்த வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துப் பொறியும் இருக்கிறது. எழுத்துச் சொல்லைப் பேச்சில் கொண்டுவருவது. “ஷல் ஐ அப்டெய்ன் சம் வாட்டர் ஃபார் யூ?” என்று ஒரு தாத்தாவிடம் கேட்டேன். “கோர்ட்டிலிருந்தா வாங்கி வரப் போகிறாய்?” என்றார். “ஷல் ஐ கெட் யூ சம் வாட்டர்?” அவ்வளவு போதும்.

9. ஆறு வாரக் கணக்கு

முதல் வாரம் இரண்டாம் படியின் ஐந்து பக்கங்கள், நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பத்து வாக்கியம், எல்லாம் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து. புத்தக வாக்கியம் நிற்காது. இரண்டாவது வாரம் மூன்றாம் படி மட்டும், பத்து நோய்க்குறிகளை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகக் கேட்டுப் பழகுங்கள். மூன்றாவது, நான்காவது வாரம் காதுக்கு. ஐந்தாவது வாரம் நம்ம ஊர் வழக்குகள்; வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள், ‘கெட் டவுன்’ சொன்னால் ஒரு ரூபாய் அபராதம். என் தம்பி நாற்பத்தேழு ரூபாய் சம்பாதித்தான்.

ஆறாவது வாரம் தோழி ஒருத்தியை நோயாளியாக வைத்துக்கொண்டு போனில் நடித்துப் பாருங்கள். தேர்வில் இரண்டு நடிப்புக் காட்சி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், அதற்கு முன்னால் அட்டையைப் படித்துத் தயாராக இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். அந்த நேரத்தில் அட்டையில் இருக்கும் பெரிய மருத்துவச் சொல்லையெல்லாம் நோயாளிக்குப் புரியும் பேச்சாக மாற்றிக்கொள்ளுங்கள், பாதிக்கு ‘கெட்’ கைகொடுக்கும். தேர்வு நாளன்று விண்ணப்பத்தில் கொடுத்த அதே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள், “கெட் தேர் எர்லி”, நடுவில் ‘டு’ கிடையாது.